வீட்லயே பழனி பஞ்சாமிர்தம்: ஒரு சொட்டு தண்ணி கூட வேணாம்

போன தைப்பூசத்துக்கு எங்களால போக முடியல. பெரியப்பா மட்டும் பாதயாத்திரை போய்ட்டு ஒரே ஒரு டப்பா கொண்டு வந்தார், அது நாலு வீட்டுக்குப் பங்கு போனதுல என் கைக்கு வந்தது ரெண்டு ஸ்பூன். சரி நாமளே பண்ணிடுவோம்னு இறங்கினேன். மூணாவது நாள் பாட்டிலைத் திறந்தா சோடா மாதிரி புஸ்ஸுனு சத்தம், மேல பூரா நுரை, கள்ளு வாடை. அப்படியே தென்னை மரத்தடியில கொட்டிட்டேன். இப்ப நாலாவது தடவை ஒழுங்கா வந்துருக்கு, அதான் இந்த போஸ்ட்.

முதல்ல பழம். மலைப்பழம்தான், விருப்பாட்சியோ சிறுமலையோ எது கிடைக்குதோ அது. தோல்ல கருப்புப் புள்ளி விழுந்து, காம்பு லேசா சுருங்கி, தொட்டா மெத்துன்னு இருக்கணும். இந்தப் பழத்துல தண்ணி கம்மி, அதுதான் விஷயமே. பச்சை வாழைப்பழத்துல பண்ணினா கூழு. பூவன்ல சுமாரா வரும், ஆனா ரெண்டே நாள்ல காலி பண்ணிடணும்.

விருப்பாட்சிங்கறது பழனிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவுல இருக்கற ஊரு. வெள்ளைக்காரனை எதிர்த்து 1801-ல தூக்குல தொங்கின பாளையக்காரர் கோபால் நாயக்கர் ஊரு, வேலு நாச்சியார் சிவகங்கையை விட்டு வந்து அடைக்கலமா இருந்ததும் அங்கதான். வாழைக்கும் அந்த ஊர்ப் பேருதான். ஆனா பழம் விளையறது மேல, கொடைக்கானல் மலையில தாண்டிக்குடி பண்ணைக்காடு பக்கம் காபித் தோட்டத்துல நிழலுக்கு நட்டு வச்சிருப்பாங்க. நடுவுல முடிக்கொத்து நோய் வந்து, அசுவினிப் பூச்சி பரப்புற வைரஸ் அது, தோட்டம் தோட்டமா அழிஞ்சு போச்சு. அப்புறம் வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்னு கொடுத்துதான் கொஞ்சம் கொஞ்சமா மீட்டெடுத்தாங்க. அதனால கடையில மலைப்பழம் விலை கேட்டு முகம் சுளிக்காதீங்க.

அளவு, என் கணக்குல: உரிச்ச பழம் அரை கிலோ, நாட்டுச்சர்க்கரை 350 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சை ஒரு கைப்பிடி, பசு நெய் ரெண்டு டேபிள்ஸ்பூன், தேன் ரெண்டு டேபிள்ஸ்பூன், ஏலக்காய் ஆறு, டைமண்ட் கல்கண்டு ரெண்டு டேபிள்ஸ்பூன். மத்த கோயில்ல அபிஷேகத்துக்கு பஞ்சாமிர்தம்னா பால், தயிர், நெய், தேன், சர்க்கரை. பழனியில பால், தயிர் இடத்துல வாழைப்பழமும் ஏலக்காயும், சர்க்கரைக்கு நாட்டுச்சர்க்கரை. பேரீச்சையும் கல்கண்டும் கூடச் சேர்றது. பாலும் தயிரும் போட்டிருந்தா ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள புளிச்சிருக்காதா?

இனி பிசையறது. மிக்ஸி வேண்டவே வேண்டாம். மிக்ஸியில அடிச்சா காத்து உள்ள போய் பழம் வெளுத்து ஜூஸ் மாதிரி ஆயிடும், வாயில தட்டுப்படவும் ஒண்ணும் இருக்காது. கையாலதான் பிசையணும், இல்லன்னா மர மத்து. கையைக் கழுவிட்டு ஈரம் போகத் துடைங்க, சும்மா உதறினா போதாது.

நான் கவுந்த இடம் இதுக்கு அடுத்தது. பழத்துல நாட்டுச்சர்க்கரையைக் கொட்டினதும் மணல் மணலா, கெட்டியா, கை நகரவே நகராம நிக்கும். ஐயோ காஞ்சு போச்சேன்னு ஒரு கை தண்ணி தெளிச்சேன் பாருங்க, அதுதான் அந்த புஸ்ஸு. ஒண்ணும் பண்ணாதீங்க. தட்டு போட்டு மூடி இருபது நிமிஷம் விட்டுட்டுப் போங்க. சர்க்கரை பழத்துல இருக்கற தண்ணியை இழுத்துக்கிட்டு தானா கரையும், திரும்பி வந்து கிண்டினா பளபளன்னு பாகு மாதிரி இளகி, கரண்டியில இருந்து கட்டி கட்டியா வழியும். கெடாம இருக்கறதும் இதனாலதான்: தண்ணியை எல்லாம் சர்க்கரை பிடிச்சு வச்சுக்கிட்டா நுரைக்க வைக்கற ஈஸ்ட் வளர முடியாது. நாம வெளிய இருந்து தண்ணி ஊத்தினா சர்க்கரை நீர்த்துப் போய் அதுக்கு விருந்து வச்ச மாதிரி ஆயிடும். 2019-ல புவிசார் குறியீடு வாங்கினப்பவும் இந்தப் பிரசாதத்துல தண்ணி சேர்க்கறதே இல்லங்கறதைத்தான் பெருமையா சொன்னாங்க. (திருப்பதி லட்டுக்கு 2009-லயே கிடைச்சிருச்சு, தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதத்துல இதுதான் முதல்ல.)

இளகினதும் பொடியா நறுக்கின பேரீச்சை, ஏலப்பொடி, தேன். நெய்யை உருக்கி, விரல் விட்டா சுடாத பதத்துல ஊத்தி ஒரே பக்கமா கிளறுங்க. கல்கண்டு கடைசியில, அப்பதான் கடிக்கறப்ப நறுக்குனு இருக்கும். கண்ணாடி பாட்டிலை வெயில்ல காய வச்சு நிரப்புங்க, பிளாஸ்டிக் டப்பாவுல நெய் வாடை போகவே போகாது. எனக்கு வெளிய நாலு நாள், ஃப்ரிட்ஜ்ல மூணு வாரம் தாங்குது.

இவ்ளோ கஷ்டமான்னு கேக்கறவங்களுக்கு: தைப்பூசம் முடிஞ்சு எடப்பாடியில இருந்து காவடி எடுத்து வர்ற பருவதராஜகுல மக்கள் மலை மேலயே ராத்திரி தங்கி, டன் கணக்குல பஞ்சாமிர்தம் பண்ணி ஊருக்குக் கொண்டு போவாங்க. நமக்கு அரை கிலோதானே.

அப்டேட்: ஒரு அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பண்ணியும் நுரைச்சிருச்சுன்னு எழுதியிருந்தாங்க. பேசிப் பாத்தா பேரீச்சையைக் கழுவி ஈரத்தோடயே போட்டிருக்காங்க. கழுவினா துணியில பரத்தி ஒரு மணி நேரம் காய விடுங்க.

இன்னொரு அப்டேட்: எட்டு மாசக் குழந்தைக்கு நாக்குல தடவலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வேண்டாங்க, இதுல தேன் இருக்கு, ஒரு வயசு முடியற வரைக்கும் தேன் கூடவே கூடாது. சாமி பிரசாதமா இருந்தாலும் சரி. பழத்தை மட்டும் மசிச்சுக் கொடுங்க.