குறைந்த விலையில் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் கருவிகளையும் கணினியோடு இணைக்கும் பெட்டி) வாங்கப் போகிறீர்களா?

முதலில் ஒரே நேரத்தில் எத்தனை மைக் வைக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பாட்டு மட்டும் என்றால் ஒன்று போதும், ஆனால் மிருதங்கம் என்றால் வலந்தலைக்கு (வலப்பக்க முகம்) ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்க முகம்) ஒன்று என்று இரண்டு இருந்தால்தான் நன்றாக வரும். இங்கேதான் பலரும் தவறிவிடுகிறோம். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸில் இரண்டு இன்புட் உண்டு, ஆனால் மைக் செருக ஒன்றுதான், மற்றது கிட்டார், கீபோர்டு மாதிரி கருவிகளுக்கு. அதே ஸ்கார்லெட் வரிசையின் 2ஐ2 மாடலில் இரண்டிலும் மைக் செருகலாம். நான் ஒரு மைக் மட்டும் போடக்கூடியதை வாங்கி, மைக்கை நடுவில் வைத்து ஆறு மாதம் ஓட்டினேன். தொப்பியின் கும்கி, அதாவது அந்த இழுவையான அடிநாதம், கடைசிவரை சரியாக விழவே இல்லை.

கண்டென்சர் மைக் என்றால் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் (கேபிள் வழியே இன்டர்ஃபேஸ் மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) கட்டாயம். டைனமிக் மைக்குக்கு அது தேவையில்லை, ஆனால் கெயின் (மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவு) அதிகம் வேண்டும். ஷூர் எஸ்எம்7பி மாதிரி மைக்குக்கு 60 டெசிபல் கிட்ட தேவைப்படும். கடையில் மைக்கைச் செருகி, கெயினை மெதுவாக ஏற்றி, யாரும் பேசாமல் ஹெட்ஃபோனில் கேளுங்கள், 'உஸ்' என்ற இரைச்சல் எந்த இடத்தில் எழும்புகிறது என்று தெரிந்துவிடும்.

சாம்பிள் ரேட் (ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிகிறது என்பது) 192 கிலோஹெர்ட்ஸ் என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வீட்டுப் பதிவுக்குத் தாராளம். அப்புறம் டைரக்ட் மானிட்டர் வசதி (மைக்கின் ஒலி கணினிக்குள் போய் வராமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வருவது) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் உங்கள் குரலே காதுக்குத் தாமதமாக வந்து தாளம் தடுமாறும். விண்டோஸ் கணினி என்றால், நிறுவனமே சொந்தமாக ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) தருகிற மாடலாகப் பார்த்து எடுங்கள்.