மேசைமேல் ஒரு மாரிக்கால ஒழுங்கை: போட்டிப் படத்துக்கான சிறுகாட்சி செய்முறை

மழை விட்ட அந்திப்பொழுது. கிடுகு வேலி, நடுவில் ஒரு சங்கடப்படலை (கூரையும் திண்ணையும் உள்ள வெளிவாசல்), அதன் படியில் அரிக்கன் லாம்பு, முன்னால் தேங்கிய வெள்ளம், பின்னால் பனைகள். இவ்வளவையும் இரண்டடிக்கு இரண்டடிப் பலகையில் செய்து, பார்ப்பவர் "இது எந்த ஊர் ஒழுங்கை?" என்று கேட்கும்படி படமெடுப்பதுதான் நோக்கம். கமராவில் மனுவல் முறை பழக்கம், கத்தி பிடிக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

அளவு

ஓர் அடிக்கு அரை அங்குலம், அதாவது 24இல் ஒன்று. இதைத் தாளில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள். ஆறடி வேலி மூன்று அங்குலம், பத்தடி உயரப் படலைக் கூரை ஐந்து அங்குலம், ஓரடி லாம்பு அரை அங்குலம். கண்ணளவை நம்பினால் லாம்பு எப்போதும் பெரிதாகவே வரும்.

பொருள்களின் தன்மைக்கும் இதே கணக்குத்தான். ஒரு மில்லிமீற்றர் மணல் பருக்கை படத்தில் 24 மில்லிமீற்றர் கல்லாகத் தெரியும். ஆகவே மண்ணை மா அரிக்கும் அரிதட்டில் ஒருமுறையும் நைலோன் துணியில் ஒருமுறையும் அரித்தே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் செம்மண் இதற்கு மிக நல்லது. கடற்கரை மணல் வேண்டாம், பருக்கை மினுங்கிக் காட்டிக்கொடுக்கும்.

பலகையும் நிலமும்

அடிக்கு ஒட்டுப்பலகைதான் என் தேர்வு. றிஜிபோம் (வெள்ளை நுரைப்பலகை) மலிவு, வெட்டவும் சுகம். ஆனால் ஸ்பிறே பெயின்ற், சூப்பர் குளூ, நகப்பூச்சு எது பட்டாலும் உருகிக் குழி விழும்.

அரித்த மண் இரண்டு பங்கு, வெள்ளை மரப்பசை ஒரு பங்கு, தோசைமாப் பதம் வரும்வரை தண்ணீர். மூன்று மில்லிமீற்றர் தடிப்பில் பூசி, ஈரம் இருக்கும்போதே வண்டில் தடம் இரண்டு இழுத்து, வெள்ளம் நிற்கவேண்டிய இடத்தை இரண்டு மில்லிமீற்றர் தாழ்த்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் ஓர் இரவில் காயாது. இரண்டு நாள் விடுங்கள்.

வேலியும் படலையும்

கிடுகுக்குக் கடதாசி வேண்டாம். பனம்பொருள் செய்கிறவர்களிடம் சார்வோலை வாங்குங்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஒன்றரை மில்லிமீற்றர் அகல நார்களாக வாருங்கள். இரண்டு சவரப் பிளேற்றுக்கு நடுவே ஒன்றரை மில்லிமீற்றர் மட்டை வைத்து ரேப் சுற்றினால், ஒரே இழுப்பில் ஒரே அகலம் வரும். நார்களைச் சாய்வாகப் பின்னி, மூன்று அங்குல உயரத் துண்டுகளாக வெட்டி, பூவரசங் குச்சிகளில் கட்டுங்கள்.

புது ஓலையின் மஞ்சள் நிறம் மாரிக்காலத்துக்குப் பொருந்தாது. கடும் தேயிலைச் சாயத்தில் ஒருமுறை தோய்த்துக் காயவையுங்கள். பிறகு, இரும்புத் தும்பை (பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை) ஓர் இரவு ஊறவைத்த வினாகிரியைத் தூரிகையால் தடவுங்கள். தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து, பழைய கிடுகின் அந்தச் சாம்பல் கறுப்பைத் தானே கொண்டுவரும். எந்தப் பெயின்றாலும் அந்த நிறம் வராது.

படலைக்கு ஐஸ்கிறீம் குச்சி போதும். வாசல் இரண்டரை அங்குலம், இரு பக்கமும் முக்கால் அங்குல உயரத் திண்ணை. கூரைக்கு ஓலையை ஒரு சென்ரிமீற்றர் கீற்றுகளாக்கி, நுனியை ஊசியால் கிழித்து, கீழிருந்து மேலாக அடுக்குங்கள். வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கவென்று கட்டிய அமைப்பு இது, ஆகவே கூரை வெளிப்பக்கமும் தாராளமாக நீண்டிருக்க வேண்டும். (கல்லில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் பருத்தித்துறையில் தெருவுக்கு மேலாகக் கல்லில் கட்டிய தெருமூடிமடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். தூண்களின் பருமனை அங்கே நேரில் பார்த்துப் படிக்கலாம்.)

வேலியைப் பலகைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். படலை முன் விளிம்பிலிருந்து 40 சென்ரிமீற்றர் உள்ளே வரட்டும்.

பனைகள்

இவை பலகைக்குப் பின்னால் தனிக் கட்டையில் நிற்பவை, ஆகவே அளவைக் குறைத்து 72இல் ஒன்றாகச் செய்யலாம். அறுபதடிப் பனை 25 சென்ரிமீற்றர், தண்டு ஐந்து மில்லிமீற்றர். சின்னதாக இருப்பதால் கண் அதைத் தூரமென்று எடுத்துக்கொள்ளும். ஓலையை விசிறிபோல் மடித்த இரண்டு சென்ரிமீற்றர் கடதாசியில் வெட்டி, ஒவ்வொரு வட்டுக்கும் (பனையின் தலைக்கும்) முப்பதுக்குக் குறையாமல் எல்லாத் திசைக்கும் குத்துங்கள். பனையின் தலை உருண்டை. ஓலைகளைத் தொங்கவிட்டால் தென்னையாகிவிடும், யாழ்ப்பாணத்தார் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள்.

வெள்ளம்: பெரும்பாலானோர் சறுக்கும் இடம்

உண்மைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். காரணம் இரண்டு. தண்ணீரின் விளிம்பு எப்போதும் ஒரு மெல்லிய வளைவாக உயர்ந்து நிற்கும். அந்த வளைவு அளவோடு சேர்ந்து சிறுக்காது, ஆகவே படத்தில் ஜெலி ஊற்றியதுபோல் தெரியும். இரண்டாவது, மண்ணில் உள்ள மரப்பசை ஊறி, கால் மணித்தியாலத்தில் வெள்ளம் பால்நிறமாகிவிடும்.

இரண்டு குப்பியில் வரும், கலந்தால் இறுகும் தெளிந்த எப்பொக்சிப் பிசின்தான் சரி. ஐந்து நிமிட வகையை வாங்காதீர்கள், குமிழி வெளியேற முன்னரே இறுகிவிடும். இருபது மில்லிலீற்றர் போதும். குப்பியில் சொன்ன விகிதத்தை அப்படியே அளந்து, மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். பள்ளத்தின் அடியை முதலில் கரும் பழுப்பாகத் தீட்டி, ஓரத்து மண்ணுக்கு ஐதான மரப்பசை ஒரு பூச்சுக் கொடுங்கள். இல்லையேல் எப்பொக்சி மண்ணில் ஏறிக்கொண்டே போகும். இரண்டு மில்லிமீற்றர்வரை எங்கும் ஏறினால் நல்லது, கரையின் ஈரம்போல் இருக்கும். பலகை மட்டமா என்று பார்த்து ஊற்றி, தலைமயிர் உலர்த்தியைச் சில வினாடி காட்டினால் குமிழிகள் வெடிக்கும். உடனே ஒரு பிளாஸ்ரிக் பெட்டியால் மூடுங்கள். மழைநாள் ஈரக்காற்றுப் பட்டால் மேற்பரப்பு மங்கலாகி ஒட்டும்.

வெள்ளம் எங்கே இருக்கவேண்டும் என்பது அதைவிட முக்கியம். லாம்பின் சுடர் வெள்ளத்தில் விழாவிட்டால் இந்தப் படத்துக்கு உயிரில்லை. லாம்பைக் கூரையில் தொங்கவிட்டால், அதன் நிழலுரு (பிரதிபலிப்பு) விழும் புள்ளி பலகைக்கு வெளியே, கமராவுக்கும் படலைக்கும் நடுவில் போய்விடும். கணக்கு இதுதான்: வில்லை ஆறு சென்ரிமீற்றர் உயரத்தில், சுடர் ஒரு சென்ரிமீற்றர் உயரத்தில், இடைத்தூரம் ஒரு மீற்றர் என்றால், தூரத்தை ஆறுக்கு ஒன்று என்று பிரியுங்கள். நிழலுரு லாம்புக்கு 14 சென்ரிமீற்றர் முன்னால் விழும். ஆகவே லாம்பு கீழ்ப்படியில், வெள்ளம் பலகையின் முன் விளிம்பிலிருந்து 26 சென்ரிமீற்றர் உள்ளே.

லாம்பு

மூன்று மில்லிமீற்றர் மஞ்சள் வெளிச்ச எல்ஈடி, சுற்றிவர தெளிந்த உறிஞ்சுகுழாய்த் துண்டு, மேலும் கீழும் கறுப்பு மட்டை வட்டம், கைபிடிக்குக் கம்பி. பவர் பாங்கின் ஐந்து வோல்ற்றில் கொடுப்பதானால் ஒரு கிலோ ஓம் தடை கட்டாயம் தொடராக வேண்டும். அப்போதும் சுடர் வெள்ளையாக வெளிறினால் 2.2 கிலோ ஓம் போடுங்கள்.

படமெடுப்பு

கமராவின் உயரம் அந்த ஒழுங்கையில் நிற்கும் மனிதரின் கண்ணுயரம், ஏறத்தாழ ஐந்தடி: இரண்டரை அங்குலம், ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர். முக்காலி இவ்வளவு கீழே வராது. பயறு நிரப்பிய துணிப்பைதான் எனக்கு எந்த முக்காலியையும்விட நம்பிக்கை. போனில் எடுப்பவர்கள் போனைத் தலைகீழாக நிறுத்துங்கள், வில்லை கீழே வந்துவிடும். போனில் பின்னணியை மங்கலாக்கும் போர்ட்றெயிற் முறையைத் தொடவே வேண்டாம்.

ஏனென்றால், சிறுகாட்சியைப் பொம்மையென்று காட்டிக்கொடுப்பது மங்கல். ஏபிஎஸ்-சி கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையை 60 சென்ரிமீற்றர் தூரத்தில் எப் 8இல் வைத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர்தான். பின்னுக்கு நகர்ந்து, எப் 16 வைத்து, 95 சென்ரிமீற்றரில் குவியுங்கள். ஏறத்தாழ 85 முதல் 108 வரை தெளிவு கிடைக்கும். படலை, லாம்பு, வெள்ளம் எல்லாம் அதற்குள் அடங்கும். எப் 22க்குப் போகாதீர்கள், முழுப்படமும் மென்மையாகிவிடும். வில்லையிலிருந்து பலகையின் முன் விளிம்பு 60 சென்ரிமீற்றர். முன் 25 சென்ரிமீற்றர் நிலத்தில் எதையும் வைக்காதீர்கள், அது மங்கும். விளிம்பு தெரிந்தால் கமராவைச் சிறிது மேல்நோக்கிச் சாயுங்கள். அடிவானம் கீழிருந்து மூன்றிலொரு பங்கில் வந்தால் சரி.

வானத்துக்கு வெள்ளைச் சுவர் போதும், பனைகளுக்கு நாற்பது சென்ரிமீற்றர் பின்னால். 6500 கெல்வின் பல்ப் ஒன்றை அந்தச் சுவருக்கு மட்டும் அடியுங்கள், கமராவில் வெண்சமநிலை 4000. வானம் நீலமாகும், லாம்பு செம்மஞ்சளாகும். ஐஎஸ்ஓ 100, எட்டு வினாடியில் தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள், ரைமரில் எடுங்கள்.

மின்விசிறியை நிறுத்தி, வேலிக்குப் பின்னால் சாம்பிராணிப் புகை சிறிது விடுங்கள். எட்டு வினாடியில் புகைச்சுருள் கரைந்து மழைக்குப் பிந்திய மூட்டமாகிவிடும். குவிவை மாற்றிப் பல படம் எடுத்து இணைப்பவர்கள் மட்டும் புகையைத் தவிருங்கள். ஒவ்வொரு படத்திலும் புகை வேறிடத்தில் நிற்கும், இணைப்பு கிழியும். இணைப்புப் படத்தைப் போட்டி விதி அனுமதிக்கிறதா என்றும் முதலே பாருங்கள். மூலக்கோப்பையும், மேசை முழுதும் தெரியும் ஒரு படத்தையும் வைத்திருந்தால், நடுவர் கேட்கும்போது காட்டலாம்.

பின்னர் சேர்த்தது

லாம்பு எரியவில்லை என்பதுதான் அடிக்கடி வரும் முறைப்பாடு. மெல்லிய கம்பி வேண்டுமென்று பழைய மோட்டரின் வைண்டிங் கம்பியை எடுத்திருப்பீர்கள். அது வெறும் செம்பு அல்ல, மேலே கண்ணுக்குத் தெரியாத அரக்குப் பூச்சு இருக்கிறது. இரு நுனியையும் பிளேற்றால் சுரண்டி, செம்பு பளபளத்த பிறகு முறுக்குங்கள். அதற்கும் எரியாவிட்டால் எல்ஈடியைத் திருப்பிப் போடுங்கள், நீண்ட கால்தான் நேர்முனை.