கம்பளி, மொஹேர் மானியம்: விற்ற பிறகு போனால் கிடைக்காது

டெக்சாஸின் எட்வர்ட்ஸ் கவுன்ட்டியில் இருக்கும் ராக்ஸ்பிரிங்ஸ் சின்ன ஊர்தான். ஆனால் அமெரிக்க அங்கோரா ஆடு வளர்ப்போர் சங்கம் இயங்குவது அங்கேதான். அந்த ஆட்டின் ரோமம்தான் மொஹேர். வருடத்துக்கு இரண்டு முறை கத்தரிப்பார்கள். மொஹேருக்கும் செம்மறிக் கம்பளிக்கும் அமெரிக்க மத்திய அரசின் மானியம் உண்டு. சரக்கை விற்றுப் பணம் வாங்கிய பிறகு விண்ணப்பிக்கப் போனால் அது கைநழுவிவிடும்.

இந்தத் தவறுக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 1954 தேசியக் கம்பளிச் சட்டத்தில் வரிசை தலைகீழாக இருந்தது. முதலில் விற்க வேண்டும், அப்புறம் ரசீதைக் காட்ட வேண்டும். விற்ற தொகையில் இத்தனை சதவீதம் என்று அரசு கூடுதலாகத் தரும். நல்ல விலைக்கு விற்றவருக்கே அதிக மானியம் போனது விசித்திரம்தான். 1993-ல் அதை நிறுத்த முடிவெடுத்தார்கள், 1995-ஓடு முடிந்தது. 2002 வேளாண் சட்டத்தில் திரும்பி வந்த மானியம் வேறு வகை.

இப்போது ரோமம் உங்கள் உரிமையில் இருக்கும்போதே, அமெரிக்க வேளாண் துறையின் வேளாண் சேவை முகமையுடைய கவுன்ட்டி அலுவலகத்தில் சிசிசி-633 இஇசட் (CCC-633EZ) என்ற விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கத்தரிப்பு தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நிம்மதி. டெக்சாஸில் பலர் மண்டியில் சரக்கை இறக்கி, வாங்குபவர் வரும்வரை வைத்திருப்பார்கள். விற்றுத் தரச் சொல்லி மண்டியில் வைப்பது விற்பனை ஆகாது. ஆனால் முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டிருந்தால், உரிமை எந்த நாளில் கைமாறுகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால், தாளை அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கணக்கு. 2018 வேளாண் சட்டத்தில் மொஹேருக்குப் பவுண்டுக்கு 4.20 டாலர், இழையின் நுண்மையைப் பரிசோதித்துத் தரம் பிரித்த கம்பளிக்கு 1.15, பிரிக்காததற்கு 40 சென்ட் என்று இருந்தது. 2025 சட்டம் இவற்றை 2026 முதல் 5 டாலர், 1.60, 55 சென்ட் என உயர்த்தியது. இதுதான் கைக்கு வரும் தொகை என்று நினைப்பது தவறு. இவை கடன் விகிதங்கள், அதாவது சரக்கை ஈடாக வைத்தால் அரசு பவுண்டுக்குக் கடனாகத் தரும் தொகை. அரசு வாரந்தோறும் அறிவிக்கும் விலை இதைவிடக் குறைந்தால் மட்டுமே வித்தியாசம் கிடைக்கும். அந்த வாரம் மொஹேர் விலை 4.60 என்றால் பவுண்டுக்கு 40 சென்ட், ஆயிரம் பவுண்டுக்கு 400 டாலர். விலை 5 டாலரைத் தாண்டிவிட்டால் ஒன்றுமில்லை.

அதனால்தான் தரம் பிரித்தால் லாபம் என்றும் கண்ணை மூடிச் சொல்ல முடியாது. நுண்ணிய இழைக்குச் சந்தை விலை அதிகம். அப்போது மானியம் பூஜ்யமாகலாம். சந்தையில் நல்ல விலை கிடைப்பதற்காகப் பரிசோதனை செய்தால் சரி, மானியத்தை மட்டும் நம்பிச் செலவழிக்க வேண்டாம்.

இந்த வித்தியாசத் தொகையை வாங்கிய சரக்கை வைத்தே அரசுக் கடனும் கேட்க முடியாது. ரோமம் கத்தரிக்காமல் விற்கும் ஆட்டுத் தோலுக்குக் கடன் கிடையாது, வித்தியாசத் தொகை மட்டுமே. ஆட்டை வாங்கிய கையோடு கத்தரித்தாலும் சிக்கல்தான். 30 நாளாவது உங்களிடம் இருந்திருக்க வேண்டும். சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் போகக் கூடாது. சரக்கு விற்காமல் கையில் இருந்தாலும், விண்ணப்பிக்கக் கடைசிக் கெடு கத்தரித்த வருடத்துக்கு அடுத்த ஜனவரி 31.