ரைஃபிளின் ட்ரிகர் எடை: என் அனுபவம்

நாகர்கோவிலில் பயிற்சியின்போது, என் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் குண்டுகள் வலது கீழ்ப்பக்கமாகவே விழ ஆரம்பித்தன. பத்துப் புள்ளி என்பது 0.5 மி.மீ. பொட்டு, இம்மி அசைந்தாலும் போச்சு. பெல்லட் மாற்றினேன், பேரலைத் துடைத்தேன், பின்சைட்டை (குறிபார்க்கும் பின்பாகம்) திருகினேன். ம்ஹூம்.

பெல்லட் இல்லாமல் சுட்டு, முன்சைட்டையே கவனித்தேன். ட்ரிகர் விடுபடும் நொடியில் முன்சைட்டின் வளையம் துள்ளியது. ட்ரிகர் எடை, அதாவது அதை விடுவிக்கத் தேவையான இழுப்பு, அதிகமோ என்று சந்தேகம். காலித் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, ட்ரிகரில் நூல்கட்டி பாட்டிலைத் தொங்கவிட்டு, விடுபடும்வரை தண்ணீர் ஊற்றினேன். கருப்பட்டிக் கடைத் தராசில் 300 கிராமுக்கு மேல்!

கவனிக்க: நூலை ட்ரிகரின் நுனியில் கட்டினால் எடை குறைவு, மேலே நகர்த்தினால் அதிகம். விரல் படும் இடத்தில்தான் அளக்கணும். ட்ரிகர் எடைக்கான ஸ்க்ரூவைத் தளர்த்தி 120 கிராமுக்குக் கொண்டுவந்தேன். (குறைந்தது 500 கிராம் இருக்கணும் என்ற போட்டி விதி ஏர் பிஸ்டலுக்குத்தான்.) துப்பாக்கியின் கட்டைப் பகுதியைத் தட்டிப் பார்த்தேன், தானாக விடுபடவில்லை. குண்டுகள் நடுவில் சேர்ந்துவிட்டன, அப்பாடா.