பால்கனிப் புறாக்களை நோகாமல் வெளியேற்றுவது எப்படி? முதல் தடவை செய்பவர்களுக்கு

காலை ஐந்து மணி, இன்னும் சரியாக விடியவில்லை, அதற்குள் ஜன்னலுக்கு வெளியே ஏசி அவுட்டோர் யூனிட்டின் தகரத்தின் மேல் ஒரு ஆண் புறா கழுத்தை உப்பவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து குனுகும். அந்தத் தகரம் அதன் குரலை நாலு மடங்காக்கி அறைக்குள் அனுப்பும். சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வருடம் இந்தக் கதை ஓடியது. இப்போது ஓடவில்லை, ஒரு பறவைக்கும் காயமும் இல்லை. அதை எப்படிச் செய்தோம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மாடப்புறா நம் வீட்டுக்கு வருவது நம்மைத் தொந்தரவு செய்ய அல்ல. அதன் முன்னோர்கள் மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்தவை. அதன் கண்ணுக்கு நம் சன்ஷேடும், குழாய்கள் ஓடும் டக்ட்டும், ஏசிக்குப் பின்னால் இருக்கும் ஒரு சாண் இடைவெளியும் பாறை இடுக்குகள்தான். அதனால் துரத்தினால் போகாது, இடம் இல்லாமல் போனால்தான் போகும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

1. இரண்டு நாள் சும்மா பாருங்கள்

எங்கே உட்கார்கிறது, எங்கே தூங்குகிறது, எங்கே கூடு வைத்திருக்கிறது, மூன்றும் வேறு வேறு இடமாக இருக்கலாம். மாலை இருட்டும் நேரத்தில் அடையவரும்போது ஒரு முறையும், இரவு டார்ச் அடித்து ஒரு முறையும் பாருங்கள். எச்சம் எங்கே குவிந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலேதான் அது தூங்கும் இடம். புறா அலகில் குச்சியைக் கவ்விக்கொண்டு ஒரே திசையில் திரும்பத் திரும்பப் பறந்தால் கூடு கட்டுகிறது என்று அர்த்தம். கூடு என்றால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எங்கள் ஏசிக்குப் பின்னால் இருந்தது பத்துப் பதினைந்து ஈர்க்குச்சி, ஒரு துண்டு கட்டுக்கம்பி, காய்ந்த வேப்பங்காம்பு, அவ்வளவுதான். அதன் நடுவில் இரண்டு வெள்ளை முட்டை.

2. முட்டையோ குஞ்சோ இருந்தால் காத்திருங்கள்

இந்தப் பதிவிலேயே முக்கியமான இடம் இதுதான், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

புறா பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஏறக்குறைய 18 நாளில் பொரியும். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கும், பகலின் நடுப்பகுதியில் ஆண், மற்ற நேரமெல்லாம் பெண். பிறந்த குஞ்சுக்குக் கண் திறந்திருக்காது, உடம்பெல்லாம் மஞ்சள் மயிர், முகத்துக்குப் பொருந்தாத பெரிய அலகு. முதல் சில நாள் தாயும் தகப்பனும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைத்தான் ஊட்டும், அதை நம்மால் கொடுக்க முடியாது. குஞ்சு பறக்க 30 முதல் 35 நாள் ஆகும். ஆக மொத்தம் ஏழெட்டு வாரம்.

எங்களுக்கு அடுத்த பிளாக்கில் ஒரு வீட்டில் வலை கட்ட வந்தவர்கள் உள்ளே பார்க்காமல் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மறுநாள் முழுக்கத் தாய்ப்புறா வலையில் வந்து மோதிக்கொண்டே இருந்தது. உள்ளேயிருந்து கீச்சென்று மெல்லிய சத்தம். அந்த வீட்டு அக்கா பயந்துபோய் என்னைக் கூப்பிட்டார். வலையின் ஒரு மூலையை அவிழ்த்துவிட்டு நாங்கள் தள்ளி நின்றதும் பத்து நிமிடத்தில் தாய் உள்ளே போய்விட்டது. இன்னும் ஒரு நாள் கழிந்திருந்தால் அந்தக் குஞ்சுகள் செத்திருக்கும். அதை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

எனவே காலண்டரில் தேதி குறித்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நாட்களில் கூட்டுக்குக் கீழே பழைய அட்டை விரித்து வையுங்கள், தூங்கும் அறையை முடிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். கவனம், குஞ்சு பறக்கத் தொடங்கும் முன்பே அந்த ஜோடி அடுத்த முட்டைக்குத் தயாராகிவிடும். நமக்குக் கிடைப்பது சில நாள்தான். வலைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு, குஞ்சு பறந்து போனதும் உடனே வேலையைத் தொடங்குங்கள். முட்டை இன்னும் இடவில்லை, வெறும் குச்சிதான் என்றால் தினமும் எடுத்துப் போட்டுக்கொண்டே வாருங்கள், அதில் தவறில்லை.

குஞ்சுக்கு அடிபட்டிருந்தாலோ தாய் தகப்பன் திரும்ப வரவே இல்லை என்றாலோ சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற விலங்குநல அமைப்பைக் கேளுங்கள். நீங்களாகச் சோற்றைக் குழைத்து ஊட்ட வேண்டாம்.

3. தீனியைக் குறையுங்கள்

கட்டடத்தில் யாராவது தானியம் போடுகிறார்களா என்று பாருங்கள். எங்கள் மொட்டைமாடியில் ஒரு தாத்தா தினமும் கம்பும் சோளமும் ஒரு படி கொட்டுவார். மனைவி போன பிறகு அவருக்கு அதுதான் காலைப் பொழுது. அவரிடம் சண்டைக்குப் போகவில்லை. "தாத்தா, காக்காவுக்குச் சோறு வைக்கறதை யாரும் வேண்டாம்னு சொல்லலை. இந்தத் தானியத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கலாமா?" என்று கேட்டேன். ஒரு படி அரைப்படியானது, அப்புறம் ஒரு கைப்பிடியானது. ஒரே நாளில் நிறுத்தினால் அதை நம்பியிருக்கும் பறவைகள் திண்டாடும், அதனால் மெதுவாகத்தான் குறைக்க வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் பாசெல் நகரம் பல வருடம் புறாக்களைக் கொன்று பார்த்தது, எண்ணிக்கை குறையவில்லை. 1988-இல் தீனி போடுவதைக் குறைக்கும்படி மக்களிடம் எடுத்துச் சொல்லத் தொடங்கினார்கள். நாலைந்து வருடத்தில் புறாக்கள் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டன.

4. சுத்தம் செய்வது

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் பூஞ்சைத் தொற்றும் ஒவ்வாமையும் வரலாம். என்95 மாஸ்க், கையுறை போட்டுக்கொண்டு, தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, பழைய கரண்டியால் வழித்துப் பையில் கட்டிப் போடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

5. இடத்தை அடைப்பது

பால்கனிக்கு வலைதான். வலையின் கண்ணி, அதாவது ஓட்டை, 5 செ.மீ. இருந்தால் புறா நுழையாது. மைனாவும் வருகிறது என்றால் 3 செ.மீ.க்குக் குறைவாகக் கேளுங்கள். தரமான நைலான் வலையாகப் பார்த்து வாங்குங்கள், மட்டமானது நம் வெயிலுக்கு நொறுங்கிப் போகும். முக்கியமாக வலை விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் வலையில்தான் பறவையின் காலும் இறக்கையும் சிக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே அமுங்கி அப்படியே நின்றால் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் கை நுழையும் இடைவெளி இருந்தால் புறாவும் நுழையும். வெளியே எட்டிச் செய்யும் வேலையை நீங்கள் செய்யாதீர்கள், வருபவர் இடுப்பில் பெல்ட் கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஏசி யூனிட்டைத் தகரம் வைத்து மூடிவிடக் கூடாது, சூடு வெளியேற வழி வேண்டும். சுற்றிலும் வலை, சர்வீஸ் செய்பவர் திறக்க ஒரு பக்கம் கொக்கி, அது போதும். சன்ஷேடு விளிம்பு, ஜன்னல் திண்டு போன்ற இடங்களில் 45 டிகிரிக்கு மேல் சரிவாக ஒரு அலுமினியத் தகடு வைத்தால் கால் வழுக்கி உட்கார முடியாது. பறவை உட்காராமல் இருக்க ஒட்டும் முள்பட்டையைவிட எனக்கு இதுதான் பிடிக்கும், பட்டையின் மேலேயே குச்சி திணித்துக் கூடு கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

காசைக் கரைக்காதீர்கள்

பிளாஸ்டிக் ஆந்தை, பழைய சிடி எல்லாம் சில நாள் வேலை செய்யும், அப்புறம் அந்த ஆந்தையின் தலையிலேயே உட்காரும். காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவி என்று விற்பது வீண். நமக்குக் கேட்காத அந்த உச்ச ஒலி புறாவுக்கும் கேட்காது. பசை தடவுவது, விஷம் வைப்பது, கவண் கல் எல்லாம் கொடுமை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பறவைக்கும் பொருந்தும்.

6. அடைத்த பிறகு

உடனே போய்விடாது. எங்கள் ஜோடி எதிர் வீட்டுக் கைப்பிடிச் சுவரில் ஒன்பது நாள் உட்கார்ந்து எங்கள் பால்கனியையே பார்த்துக்கொண்டிருந்தது. மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் அந்த நேரத்தில் இரக்கப்பட்டு வலையைத் திறந்தால் எல்லாம் முதலிலிருந்து. பத்தாம் நாள் அங்கே இல்லை. சில வாரம் கழித்துத் தெருமுனையில் இருக்கும் பாழடைந்த தண்ணீர்த் தொட்டியின் இடுக்கில் ஒரு ஜோடியைப் பார்த்தேன், அதே ஜோடியாக இருக்கலாம்.

மாதம் ஒரு முறை வலையின் நாலு மூலையையும் இழுத்துப் பாருங்கள். எங்களுடையதில் சமையலறைப் பக்கக் கொக்கி ஒன்று மழைக்குப் பிறகு துருப்பிடித்துக் கழன்றிருந்தது, அன்றைக்கே மாற்றிவிட்டோம்.