கபடி டீமோடு பண்ருட்டி பலாத் தோப்புக்குப் போவது எப்படி?

கடலூருக்கு மேட்ச் ஆட வரும் டீம்கள் பெரும்பாலும் சில்வர் பீச்சில் ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு வேன் ஏறிவிடும். அங்கிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில் பண்ருட்டி. நீங்கள் வந்திருப்பது மே, ஜூன் என்றால் ஒரு குடும்பத்தின் பலாத் தோப்பைப் பார்க்காமல் ஊர் திரும்பாதீர்கள்.

முதலில் நாள். ஆட்டத்துக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். கபடியில் எடை பார்ப்பார்கள். வரம்பை ஒட்டி நிற்கிற பையன் சுளையைக் கண்டால் வாயைக் கட்ட மாட்டான். வயிறும் மந்தமாகிவிடும். கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள்தான் சரி.

அடுத்து, சொல்லிவிட்டுப் போங்கள். யாரையும் தெரியாதா? சாலையோரம் பழம் குவித்து விற்பவரிடம் கேட்டாலே யார் தோப்பு, எந்தப் பக்கம் என்று வழி காட்டுவார். எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். மண்டிக்குப் பழம் ஏற்றும் நேரத்தில் ஒரு டீமே போய் நின்றால் அவர்கள் வேலை கெடும்.

தோப்புக்குள் பழம் இறக்கும் மரத்தடியில் நிற்காதீர்கள். பக்கத்து முந்திரி மரத்தில் பச்சைக் கொட்டையைக் கடிக்கவும் கூடாது. ஓட்டிலிருக்கும் எண்ணெய் வாயைப் புண்ணாக்கிவிடும். முந்திரிப் பழத்தைத் தின்னலாம், ஆனால் சாறு பட்ட ஜெர்சி பிறகு வெளுக்காது.

பழம் தேர்ந்தெடுப்பதை வீட்டு ஆயாவிடமே விட்டுவிடுங்கள், பக்கத்தில் நின்று கவனித்தால் போதும். தட்டினால் காய் ‘டங்’ என்று கெட்டியாகக் கேட்கும். பழுத்தது ‘பொத்’ என்று அமுங்கிக் கேட்கும். முள்ளும் அகன்று மழுங்கியிருக்கும்.

இனி அறுப்பது. கை, கத்தி இரண்டிலும் நல்லெண்ணெய் தடவுங்கள். சாக்கு விரித்து, பழத்தை நீளவாக்கில் பிளந்து, வடியும் பாலைச் செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். நடுத்தண்டைச் சீவிவிட்டு ஓரத்தைப் பின்னால் மடக்கினால் சுளைகள் தாமாகவே எழும்பி நிற்கும். சக்கையை விலக்கிப் பிடுங்க வேண்டியதுதான். கையில் பிசின் ஒட்டினால் தண்ணீருக்கு ஓடாதீர்கள். மறுபடி எண்ணெய் தேய்த்து, அப்புறம் சோப்பு.

சாப்பிடும்போது ‘தானே’ புயலைப் பற்றித் தோப்புக்காரர்களிடம் கேளுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறிய அந்தப் புயல், இந்தப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்துவிட்டது. நெல் என்றால் அடுத்த பட்டத்தில் எழுந்துவிடலாம். பலாவை நட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் இது என்று பெருமைப்படும்போது, அந்தக் காத்திருப்பும் நினைவில் இருக்கட்டும்.

தின்ற பழத்துக்குக் காசு வேண்டாம் என்பார்கள். அப்படியானால் ஊருக்கு நாலு பழம் விலைக்கு வாங்குங்கள், பேரம் பேசாமல். முற்றின காயாகக் கேளுங்கள், சில நாளில் பழுத்துவிடும். பழுத்ததை ஏசி வேனில் ஏற்றினால் ஊர் போய்ச் சேரும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு நாலு பேர் திட்டுவார்கள்.

கொட்டைகளையும் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள். கத்தரிக்காயோடு கருவாட்டுக் குழம்பில் போட்டால் ஒன்றுகூட மிஞ்சாது.