மளிகைக் கடைக்கு இரவு பத்து நிமிடக் கணக்கு

இரவு ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கல்லாவை எண்ணினால் வரும் தொகை அன்றைய விற்பனை அல்ல. காலையில் போட்ட சில்லறை அதில் கலந்திருக்கிறது. பழைய பாக்கியைத் தீர்த்தவர் கொடுத்ததும் அதற்குள் இருக்கிறது. பால் வண்டிக்குக் கொடுத்தது அதில் இல்லை, க்யூஆரில் வந்ததும் இல்லை. பில்லே போடாத கடையிலும் இவற்றைப் பிரித்து அன்றைய விற்பனையை எடுத்துவிட முடியும். ஒரு ஆண்ட்ராய்டு போன், அதில் கூகுள் ஷீட்ஸ், கல்லாவுக்குள் ஒரு சின்ன நோட்டு, நூலில் கட்டிய பேனா. இவ்வளவு போதும். பேனாவைக் கட்டாவிட்டால் இரண்டாம் நாளே காணாமல் போய்விடும், நோட்டும் நின்றுவிடும்.

நோட்டில் நான்கு விஷயம் மட்டும் எழுதுங்கள்: கல்லாவிலிருந்து வெளியே போன பணம், வீட்டுக்கு எடுத்தது, வசூலான பழைய பாக்கி, புதிதாகக் கொடுத்த கடன். நடக்கும்போதே எழுத வேண்டும். இரவில் யோசித்து எழுதினால் டீக்காசும் இறக்கு கூலியும் கட்டாயம் விட்டுப்போகும்.

இரவுக் கணக்கு இப்படி. எண்ணிய ரொக்கத்தோடு அன்று வெளியே போனதையெல்லாம் கூட்டுங்கள். காலையில் போட்ட சில்லறை, ரொக்கமாக வந்த பழைய பாக்கி, இடையில் சொந்தப் பணம் போட்டிருந்தால் அது, இவற்றைக் கழியுங்கள். மிஞ்சுவது ரொக்க விற்பனை.

ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். காலைச் சில்லறை 2,000 ரூபாய். இரவு எண்ணியது 9,450. பால் வண்டிக்கு 3,200, இறக்கு கூலி 150, டீ 60, வீட்டுக்கு எடுத்தது 500. ரொக்கமாக வந்த பழைய பாக்கி 1,200. கூட்ட வேண்டியதைக் கூட்டினால் 13,360. அதில் 2,000, 1,200 இரண்டையும் கழித்தால் ரொக்க விற்பனை 10,160.

க்யூஆரில் மொத்தம் 8,730 வந்திருக்கிறது, அதில் 900 பழைய பாக்கி. ஆக யுபிஐ விற்பனை 7,830. புதிதாகக் கடனுக்குப் போன சரக்கு 1,640. மூன்றையும் கூட்டினால் அன்றைய விற்பனை 19,630 ரூபாய். கல்லாவில் இருந்தது இதில் பாதிகூட இல்லை.

வாடிக்கையாளர் 500 ரூபாய் ஜிபே செய்துவிட்டு ரொக்கமாக வாங்கிப் போனால் என்ன ஆகும் என்று குழம்ப வேண்டாம். ரொக்க விற்பனை 500 குறைந்து காட்டும், யுபிஐ விற்பனை 500 கூடிக் காட்டும், மொத்தம் மாறாது. அதை எழுதாமல் விட்டாலும் பாதகமில்லை.

இந்த முறைக்கு ஒரு ஓட்டை உண்டு. ரொக்கத்தை வைத்தே விற்பனையைக் கண்டுபிடிக்கிறோம் என்பதால், கல்லாவிலிருந்து யாராவது 300 ரூபாய் எடுத்தால் திருட்டு என்று தெரியாது, அன்றைக்கு வியாபாரம் 300 குறைவு என்றுதான் தெரியும். அது மாதக் கடைசியில் சரக்கை எண்ணும்போதுதான் பிடிபடும்.

ஷீட்டில் ஏற்றுவது

ஒரு நாளைக்கு ஒரே வரிசை. தேதி, காலைச் சில்லறை (இடையில் போட்ட சொந்தப் பணமும் சேர்த்து), இரவு ரொக்கம், சரக்குக்குக் கொடுத்தது, மற்ற செலவு, சொந்த எடுப்பு, ரொக்கமாக வந்த பாக்கி, யுபிஐ மொத்தம், யுபிஐயில் வந்த பாக்கி, புதுக் கடன், கடைசியாக விற்பனை. விற்பனை நிரலில் மட்டும், மேலே செய்த அதே கூட்டல் கழித்தலைப் போடும் சூத்திரம். மாதத்துக்கு ஒரு ஷீட் என்று பிரிக்காதீர்கள். வருடம் மாறினாலும் ஒரே நீளப் பட்டியலாக இருந்தால்தான் போன ஆடியையும் இந்த ஆடியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும்.

கணக்கு தப்பினால் பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, எண்ணோடு எழுத்தைச் சேர்த்து அடிப்பது. கட்டத்தில் ‘ரூ 1200’ என்றோ ‘1200/-’ என்றோ போட்டால் ஷீட்ஸுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. மொத்தம் போடும்போது சத்தமில்லாமல் அதைத் தாண்டிப் போய்விடும். கண்டுபிடிப்பது சுலபம்: எண் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். நிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தால் இடப்பக்கம் ஒதுங்கியது கண்ணில் படும்.

இன்னொன்று தேதி. ஷீட்டின் நாட்டு அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் ஜூலை 5 என்று நினைத்து 05/07 அடிப்பதை அது மே 7 என்று எடுத்துக்கொள்ளும். 13/07 அடித்தால் 13 என்ற மாதமே இல்லாததால் எழுத்தாக விட்டுவிடும். கம்ப்யூட்டரில் ஒருமுறை திறந்து, ஃபைல் மெனுவில் செட்டிங்ஸ், அதில் லொகேல் என்ற இடத்தில் இந்தியா என்று மாற்றுங்கள். இதை முதல் நாளே செய்வது நல்லது. ஏற்கெனவே தப்பாக ஏறிய தேதிகள் தானாகத் திருந்தாது, ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும்.

யுபிஐ மொத்தத்தை வங்கி பாஸ்புக்கிலிருந்து எடுக்காதீர்கள். கடை க்யூஆர் ஆப்பில் உள்ள பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து எடுங்கள். சில ஆப்களில் பணம் மறுநாள்தான் மொத்தமாக வங்கிக்குப் போகும். சவுண்ட்பாக்ஸ் வாடகையைப் பிடித்துக்கொண்டு போடுவதும் உண்டு. ஆப் மூலம் கடன் வாங்கியிருந்தால் தினத் தவணையும் போய் மீதிதான் வரும். வங்கியில் விழுந்ததை விற்பனை என்று எழுதினால் வாடகையும் தவணையும் வியாபாரம் குறைந்ததாகக் காட்டும்.

மாதக் கடைசியில் சரக்கு எண்ணிக்கை

தினக்கணக்கு விற்பனையைச் சொல்லும். லாபம் தெரிய வேண்டுமென்றால் சரக்கை எண்ணியே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை, கடைசி நாள் இரவு, இரண்டு பேர். ஒருவர் எண்ணிச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். கடையின் ஒரு மூலையில் தொடங்கி ரேக் ரேக்காகப் போங்கள். ‘முதலில் சோப்பு எல்லாம், அப்புறம் பிஸ்கட் எல்லாம்’ என்று போனால் பின்னால் கிடக்கும் பெட்டி விட்டுப்போகும். பிரித்த மூட்டையை எடை போடுங்கள். விலை போடும்போது எம்ஆர்பி போடக் கூடாது, வாங்கிய விலைதான்.

இதற்கு இன்னொரு ஷீட் வேண்டும்: கொள்முதல். பில் தேதி, ஏஜென்சி பெயர், தொகை, கொடுத்தது, பாக்கி. தினக்கணக்கில் உள்ள ‘சரக்குக்குக் கொடுத்தது’ வேறு, கொள்முதல் வேறு. லைன் வண்டிக்காரரிடம் 12,000 ரூபாய்ச் சரக்கு இறக்கிவிட்டு 5,000 மட்டும் கொடுத்திருந்தால் கொள்முதல் 12,000தான். திருப்பி அனுப்பிய டேமேஜுக்கு வரவு வைத்திருந்தால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மாத ஆரம்ப இருப்பு 3,20,000, கொள்முதல் 4,60,000, கடைசி இருப்பு 3,05,000 என்று வைத்தால், வெளியே போன சரக்கின் அடக்கம், அதாவது வாங்கிய விலை, 4,75,000. மாத விற்பனை 5,40,000 என்றால் மொத்த லாபம் 65,000. விற்பனையில் 12 சதவீதம். வாடகை, கரண்ட் பில், ஆள் சம்பளம் எல்லாம் இதிலிருந்துதான் போக வேண்டும்.

நீங்கள் வைத்து விற்கும் விலைப்படி 14 சதவீதம் நிற்க வேண்டும் என்றால் 75,600 வந்திருக்க வேண்டும். 10,600 ரூபாயைக் காணோம். உடனே கடைப்பையனைப் பார்க்காதீர்கள். முதல் சந்தேகம் சொந்த வீட்டின் மேல்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் எண்ணெய், பருப்பு, காபித்தூள் எழுதப்படுகிறதா? சின்ன நோட்டில் அதையும் வாங்கிய விலையில் எழுதி, மாதக் கடைசியில் அடக்கத்திலிருந்து கழியுங்கள். அடுத்தது எக்ஸ்பயரி ஆகித் தூக்கிப் போட்டது. பிறகு எழுத மறந்த கடன். அதற்கும் அடுத்தது, பலர் கவனிக்காத எடைச் சேதாரம். எல்லாம் போக மிஞ்சுவதற்குத்தான் கல்லாவைப் பார்க்க வேண்டும்.

சில்லறைச் சரக்கில் கரையும் லாபம்

50 கிலோ சர்க்கரை மூட்டை 2,100 ரூபாய் என்று வைப்போம். கிலோ 42, விற்பது 45, கிலோவுக்கு மூன்று ரூபாய் லாபம் என்றுதான் வாயில் வரும். ஏற்று இறக்கு கூலி மூட்டைக்கு 20. ஒவ்வொரு ஒரு கிலோ பொட்டலத்திலும் கை தாராளமாகப் 10 கிராம் கூடப் போட்டால் மூட்டைக்கு அரை கிலோ போய், விற்க வருவது 49.5 கிலோதான். 2,120ஐ 49.5ஆல் வகுத்தால் 42.83. கவர் 80 காசு சேர்த்தால் 43.63. கையில் நிற்பது 1 ரூபாய் 37 காசு. நினைத்த லாபத்தில் பாதிகூட இல்லை.

கட்டிய பொட்டலங்களில் ஏதாவது பத்தை எடுத்துத் திரும்ப நிறுத்துப் பாருங்கள், வழக்கம் தெரிந்துவிடும். 5 கிராம் அளவு காட்டும் தராசில் பத்து கிராமைப் பிடிப்பது கஷ்டம், 1 கிராம் காட்டுவது வைத்துக்கொள்ளலாம். காலி கவரைத் தட்டில் வைத்து, அதன் எடையைக் கழிக்கும் ‘டேர்’ பட்டனை அழுத்திய பிறகே போடத் தொடங்க வேண்டும், இல்லையென்றால் கவர் எடைக்குச் சரக்கு குறைந்து வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்க நேரும். மின்னணுத் தராசுக்கு வருடம் ஒருமுறை முத்திரை போடுவது சட்டம். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் வேலை.

சதவீதத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. 100க்கு வாங்கி 120க்கு விற்றால் அடக்கத்தின் மேல் 20 சதவீதம், விற்பனையில் 16.67 சதவீதம்தான். ‘20 சதவீதம் கிடைக்கிறதே’ என்று தீபாவளிக்கு 20 சதவீதம் தள்ளுபடி போட்டால் 96 ரூபாய்க்கு விற்று நான்கு ரூபாய் கைவிட்டுப் போகும். ஷீட்டில் எல்லா இடத்திலும் விற்பனை மேல் சதவீதம் என்று ஒரே முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்சியின் ‘12க்கு 1 ஃப்ரீ’ ஸ்கீமும் அப்படித்தான்: 13 பீஸுக்கு 12 பீஸின் விலை, அதாவது தள்ளுபடி 7.7 சதவீதம்தான். அந்த 13 விற்க நாலு மாதம் ஆகும் சரக்கென்றால் எடுக்காமல் இருப்பதே மேல்.

கடன் நோட்டுக்கு ஒரே ஒரு எண் போதும். மொத்த பாக்கியை, ஒரு நாளைக்குச் சராசரியாகக் கொடுக்கும் கடனால் வகுங்கள். 48,000 பாக்கி, தினம் 1,600 என்றால் 30 நாள். சம்பளத் தேதிக்குத் தீர்க்கும் வாடிக்கையாளர்கள் என்றால் அது சரிதான். 45ஐத் தாண்டினால் யாரோ இரண்டு மூன்று பேர் நின்றுபோயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வரிக்கும் இதே ஷீட்

சரக்கு விற்பவருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருடத்துக்கு 40 லட்சம். நாளுக்குப் பிரித்தால் ஏறத்தாழ 11,000 ரூபாய். வரி உள்ள சரக்கும் விற்கும் கடையில், வரி இல்லாத அரிசி, காய்கறி விற்பனையும் இந்த 40 லட்சத்தில் சேரும், பலர் தவறுவது இங்கேதான். மேலே பார்த்த கடை மாதம் 5,40,000, வருடம் 64,80,000. பதிவு கட்டாயம். ஒன்றரைக் கோடிக்குள் இருப்பதால் கலவைத் திட்டத்தில் (காம்போசிஷன் ஸ்கீம்) சேரலாம்: வரி உள்ள விற்பனையில் 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கக் கூடாது, கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது.

2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. கடை க்யூஆரில் மச்சான் அனுப்பிய கைமாற்றும் சீட்டுப் பணமும் விழுந்திருந்தால் எது விற்பனை என்று பின்னால் நிரூபிப்பது உங்கள் பாடு. கடைக்குத் தனி வங்கிக் கணக்கு, தனி க்யூஆர். பழைய பாக்கியாக வந்த யுபிஐ நிரல் அப்போதும் கைகொடுக்கும், கடன் கொடுத்த நாளிலேயே அது விற்பனையாக எழுதப்பட்டுவிட்டது.

பில் மெஷின் எப்போது

கல்லாவில் இரண்டாவது ஆள் உட்காரத் தொடங்கும்போது வாங்குங்கள். அதற்கு முன் வாங்கிய மென்பொருள் பெரும்பாலும் தூசி பிடித்துத்தான் கிடக்கும். வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: ஒரே பார்கோடில் இரண்டு எம்ஆர்பி வந்தால் என்ன செய்யும்? கம்பெனி விலையை மாற்றினாலும் பாக்கெட்டின் பார்கோடு பெரும்பாலும் அதேதான் இருக்கும். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதம் மாறியபோது பழைய விலையும் புது விலையும் ஒரே ரேக்கில் நின்றன. எம்ஆர்பி வாரியாக இருப்பைப் பிரிக்காத மென்பொருள் கடைசியாக ஏற்றிய விலையையே எல்லாவற்றுக்கும் அடிக்கும்.

கடையில் கட்டும் பொட்டலத்துக்குச் சொந்தமாக பார்கோடு போடுவதென்றால் 2இல் தொடங்கும் எண்களைப் பயன்படுத்துங்கள். 20 முதல் 29 வரை கடை உள் உபயோகத்துக்கு என்றே ஒதுக்கியது, கம்பெனிப் பாக்கெட்டோடு மோதாது. பிரிண்டர் 58 மில்லிமீட்டரா 80ஆ என்று பார்த்து அதே அகல ரோல் வாங்குங்கள். பில் வெள்ளையாகவே வந்தால் மெஷின் கெட்டுவிட்டது என்று ஆளைக் கூப்பிடாதீர்கள். பேப்பரை நகத்தால் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் அச்சாகும் பக்கம், ரோல் திரும்பி மாட்டியிருக்கும். ஏஜென்சி தரும் தெர்மல் பில் சில மாதத்தில் மங்கிவிடும் என்பதால், வாங்கிய அன்றே போட்டோ எடுத்து மாதவாரியாக ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.